நல்லாத்தானே இருக்கேன், மாத்திரை எதுக்கு?

மாதக் கடைசி வாரத்தில் எங்கள் மருந்துக்கடையில் தவறாமல் ஒரு கேள்வி வரும். மஞ்சப்பையிலிருந்து மருந்துச் சீட்டை எடுத்து மேசைமேல் விரித்துவிட்டு, பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு கேட்பார்கள்: “தம்பி, இதுல எதை விட்டாப் பரவாயில்லை?”

சீட்டில் ஆறு மாத்திரை இருக்கும். கையிலுள்ள காசு நான்குக்குத்தான் வரும். டாக்டரிடம் இதைக் கேட்கப் பயம், மகனிடம் கேட்கக் கூச்சம். ஆகவே என்னிடம் வருகிறார்கள். காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் மருந்தாளுநராக நின்று நின்றே தலை நரைத்தவன் நான். கண்டனூர், சாக்கோட்டை, கல்லல், குன்றக்குடி என்று சுற்றுவட்டாரத்துச் சீட்டெல்லாம் என் கைக்கு வந்து போகும். இந்தக் கேள்வியை அதிகம் கேட்பவர்கள், “உங்களுக்கு ஹார்ட் பம்பிங் கம்மியா இருக்கு” என்று டாக்டர் சொல்லி அனுப்பியவர்கள். மருத்துவக் குறிப்பில் இதயச் செயலிழப்பு என்று போட்டிருப்பார்கள்.

எதை விடலாம் என்று ஒருவர் கேட்கிறார் என்றால், எது எதற்கு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை என்று அர்த்தம். சோம்பேறித்தனம், அலட்சியம், படிப்பில்லாமை என்று காரணம் அடுக்குபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற மாரடைப்பு வேறு, இது வேறு. மாரடைப்பில் தப்பியவருக்குப் பிறகு இது வரலாம். பல வருடம் கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தத்தால் வரலாம். வால்வுக் கோளாறால் வரலாம். காயில் தளர்ந்த மோட்டாரைப் பார்த்திருப்பீர்கள்: ஓடும், சத்தம் வரும், மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது. இதயம் அந்த நிலையில் இருக்கிறது. ரத்தம் முன்னே போதிய அளவு போகாததால் பின்னே தேங்குகிறது. சிறுநீரகமோ, உடம்பில் ரத்தம் குறைந்துவிட்டது என்று தப்பாகப் புரிந்துகொண்டு உப்பையும் தண்ணீரையும் இறுக்கிப் பிடித்து வைக்கிறது. அந்த நீர் காலில் இறங்குகிறது, வயிற்றில் சேர்கிறது, நுரையீரலில் கோக்கிறது. படுத்தால் மூச்சு முட்டும், எழுந்து உட்கார்ந்தால் தேவலை.

புதுவயல் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிய ஒருவர், வீசிங் என்று தானே முடிவு கட்டிக்கொண்டு என்னிடம் இன்ஹேலர் கேட்டு வந்தார். “ராத்திரி எத்தனை தலையணை வைக்கிறீங்கண்ணே?” என்று கேட்டேன். மூணு என்றார். கைலியைக் கொஞ்சம் தூக்கச் சொல்லிக் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினேன். விழுந்த பள்ளம் எழவே இல்லை. இன்ஹேலர் கொடுக்காமல், அன்றைக்கே எகோ எடுக்கும் இடத்துக்கு அனுப்பினேன்.

எகோ சீட்டில் ஈ.எஃப். என்று ஓர் எண் இருக்கும். இடது கீழறையில் நிறைந்த ரத்தத்தில், ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை விழுக்காடு வெளியே போகிறது என்ற கணக்கு அது. 55க்கு மேல் இருந்தால் சரி. 40க்குக் கீழே வந்தால் பம்பிங் கம்மி. பரீட்சை மார்க் மாதிரி நினைத்து, 60 வந்த நல்ல இதயக்காரர் “அறுபதுதானா?” என்று வாடிப்போகிறார். 30 வந்தவர் “முப்பது பர்சென்ட் அடைப்பு” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். எண் சரியாக இருந்தும் இதயம் விறைத்துப்போய் இதே தொல்லை வருகிறவர்களும் உண்டு. அவர்கள் மருந்துக் கணக்கு கொஞ்சம் வேறு.

இந்த நோய் எவ்வளவு பெரியது என்று நம் பக்கத்தில் நெடுநாள் அளந்து பார்த்தவர்கள் திருவனந்தபுரத்துக்காரர்கள். ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்து மருத்துவர்கள் 2013இல் அந்த மாவட்டத்தின் 18 மருத்துவமனைகளில் சேர்ந்த 1,205 பேரைப் பதிவு செய்து, வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். சராசரி வயது 61. மேலை நாடுகளில் எழுபதைத் தாண்டியவர்களுக்கு வருவது இங்கே பத்து வருடம் முந்திவிடுகிறது. 72 விழுக்காட்டினருக்கு மூலக் காரணம் இதய ரத்தக்குழாய் அடைப்பு. ஐந்து வருடத்தில் 59 விழுக்காட்டினர் இறந்துபோனார்கள். இதையெல்லாம் விட என்னை உலுக்கியது வேறொன்று. பம்பிங் குறைந்தவர்கள் வீட்டுக்குப் போகும்போது, அவர்களில் நான்கில் ஒருவர் சீட்டில்தான் தேவையான மருந்துகள் முறையாக எழுதப்பட்டிருந்தன. பிறகு நாடு முழுவதும் 53 மருத்துவமனைகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பதிவு செய்தபோதும் இந்தப் பங்கு பாதியை எட்டவில்லை. எழுதாத மாத்திரையை எந்த நோயாளியும் ஒழுங்காகப் போட முடியாது. குறை சொல்ல விரலை நீட்டுகிறவர்கள் அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

சரி, எழுதிக் கொடுத்த மாத்திரைகளுக்கு வருவோம்.

நீர் மாத்திரையை எல்லோருக்கும் தெரியும். ஃப்ரூஸ்மைடு, டார்ஸ்மைடு வகை. தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும். போட்ட ஒரு மணி நேரத்தில் அது வேலை செய்வது தெரிந்துவிடும். அப்படித் தெரிவதுதான் அதற்கு வினை. கானாடுகாத்தானிலிருந்து வரும் ஆச்சி ஒருவர் எல்லா மாத்திரையும் மாதம் தவறாமல் வாங்குவார், நீர் மாத்திரை மட்டும் மிச்சம் இருக்கும். கேட்டால், “நீ எங்க வீட்டைப் பாத்திருக்கியா தம்பி?” என்றார்.

பார்த்திருக்கிறேன். முகப்பு ஒரு தெருவில், கொல்லைக் கதவு அடுத்த தெருவில். முகப்பைத் தாண்டினால் வளவு, அதைத் தாண்டி இரண்டாங்கட்டு, அதற்கும் அப்பால் மூன்றாங்கட்டு, கிணற்றடி, அதன் ஓரத்தில் கழிப்பறை. ஆச்சி படுப்பது வளவை ஒட்டிய அறையில். எழுபதைத் தாண்டிய, முட்டி தேய்ந்த மனுஷி, காலையில் நாலைந்து தடவை அந்த நீளத்தை நடக்க வேண்டும். வழியில் நிலைப்படிகள் வேறு, ஒவ்வொன்றும் தடுக்குகிற உயரம். சிங்கப்பூரிலிருக்கும் மகன் உயர்ந்த விலை மருந்தையெல்லாம் வாங்கச் சொல்லிப் பணம் அனுப்புகிறார். அம்மா எதை, ஏன் விடுகிறார் என்று அவருக்குத் தெரியாது. “விழுந்து இடுப்பை ஒடிச்சுக்கிறதுக்கு, கால் வீங்கினாலே தேவலைப்பா” என்கிறார் ஆச்சி. இதை அறியாமை என்று எந்தப் புத்தகத்தில் எழுதுவீர்கள்? அவர் கணக்குப் போட்டுத்தான் விட்டிருக்கிறார். கணக்கின் மறுபக்கத்தில் நுரையீரலில் நீர் கோத்து, நள்ளிரவில் ஆம்புலன்ஸில் போகிற செலவும் இருக்கிறது என்பது மட்டும் அவருக்குச் சொல்லப்படவில்லை.

டாக்டரிடம் பேசினோம். இரண்டு காரியம் நடந்தது. அறைக்குள்ளேயே ஒரு கமோடு நாற்காலி வந்தது. மாத்திரை நேரம், உதவிக்கு வரும் பெண் வீட்டில் இருக்கும் காலை ஒன்பது மணிக்கு மாறியது. நீர் மாத்திரைக்கு இந்த இளக்கம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும், பிள்ளையார்பட்டியில் கல்யாணம் என்றால் அன்றைக்கு மாத்திரையையே விட்டுவிடுகிறார்கள். விட வேண்டாம். போய்ச் சேர்ந்த பிறகோ, திரும்பி வந்த பிறகோ போடலாமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம். இரண்டு வேளை எழுதியிருந்தால் இரண்டாவதை மாலை நாலு மணிக்குள் முடித்துவிட வேண்டும். ராத்திரி போட்டால் தூக்கம் போய்விடும்.

நீர் மாத்திரை மூச்சை லேசாக்குகிறது. ஆயுளைக் கூட்டுவது மற்றவை. இவை போட்டாலும் ஒன்றும் தெரியாது, விட்டாலும் உடனே ஒன்றும் தெரியாது. போதாக்குறைக்கு ஒவ்வொன்றும் வேறு ஏதோ ஒரு வியாதியின் மாத்திரை என்று ஊரில் பெயர் எடுத்து வைத்திருக்கிறது.

எனலாப்ரில், ராமிப்ரில் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1987இல் வட ஐரோப்பிய நாடுகளில், நோய் முற்றிய 253 பேரிடம் எனலாப்ரிலைச் சோதித்தார்கள். வெறும் மாத்திரை போட்டவர்களில் ஆறு மாதத்தில் 44 விழுக்காட்டினர் இறந்தார்கள். எனலாப்ரில் போட்டவர்களில் 26. அவ்வளவு பெரிய மருந்து. ஆனால் நம் ஊரில் அதற்குப் பெயர் பி.பி. மாத்திரை. “பி.பி. 110தான் இருக்கு, அதான் நிறுத்திட்டேன்” என்று சந்தோஷமாக வந்து சொல்வார்கள். தளர்ந்த இதயத்தின் சுமையைக் குறைக்கத்தான் இதைக் கொடுக்கிறார்கள். எண் கொஞ்சம் இறங்கியிருப்பது எதிர்பார்த்ததுதான். தலை சுற்றல், கண் இருட்டல் இருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. சிலருக்கு இந்த மாத்திரையால் வறட்டு இருமல் வரும். அவர்கள் என்னிடம் இருமல் சிரப் கேட்டு வருவார்கள். சீட்டைப் பார்க்காமல் சிரப்பை எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர் அவர்களுக்கு நல்லது செய்யவில்லை. அந்த இருமலுக்கு மருந்து, டாக்டர் மாற்றிக் கொடுக்கும் வேறு மாத்திரை. இப்போது பலருக்கு சாக்குபிட்ரில்–வால்சார்டான் என்ற கூட்டு மாத்திரையை எழுதுகிறார்கள், அதில் இந்த இருமல் அவ்வளவாக வருவதில்லை.

அடுத்தது மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால், கார்வெடிலால். இதயத் துடிப்பை நிதானப்படுத்தும் வகை. பலவீனமான இதயத்துக்கு இது ஆகாது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1999இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகள் அதைத் தலைகீழாக்கின. இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. முதல் சில வாரம் அசதியாக இருக்கும், அதனால் சின்ன அளவில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுவார்கள். அந்த அசதியில்தான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். திடீரென்று நிறுத்தினால் இதயம் தறிகெட்டு ஓடும் ஆபத்து உண்டு.

ஸ்பைரனோலாக்டோன் அதே 1999இல் தன் பெருமையைக் காட்டியது, இறப்பு 30 விழுக்காடு குறைந்தது. ஆண்கள் சிலருக்கு மார்பு லேசாகப் பருத்து வலிக்கும். கடையில் கூட்டம் கலையும் வரை காத்திருந்து, “இதை எப்படித் தம்பி டாக்டரம்மாகிட்ட சொல்றது?” என்று கேட்டார் ஆத்தங்குடியில் பூக்கல் செய்கிற ஒருவர். மாதக் கணக்கில் மாத்திரையைத் தூக்கிப் போட்டிருந்தார். எப்ளிரினோன் என்று மாற்று இருக்கிறது. நானே ஒரு துண்டுத்தாளில் விஷயத்தை எழுதிக் கொடுத்தேன், அதை நீட்டினால் போதும் என்று.

டாபாகிளிஃப்ளோசின் கதை இன்னும் வேடிக்கை. சர்க்கரை நோய்க்கு வந்த மருந்து. சர்க்கரை இல்லாதவர்களுக்கும் இதயத்தைக் காக்கிறது என்று 2019இல் தெரியவந்தது. வீட்டுக்கு எடுத்துப் போனால் பக்கத்து வீட்டு அக்கா அட்டையைப் பார்த்துவிட்டு, “இது சுகர் மாத்திரையாச்சே, எங்க வீட்டுக்காரரும் இதான் போடுறாரு, உனக்குத்தான் சுகரே இல்லையே” என்பார். அத்தோடு தீர்ந்தது. அந்த அக்கா சொன்னதில் பொய் இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு வாக்கியம் முந்திக்கொண்டு சொல்லியிருந்தால் அவர் பேச்சு எடுபட்டிருக்காது.

டிகாக்சின் இப்போது குறைந்துவிட்டது, பழைய ஆட்களுக்கு இன்னும் வருகிறது. உடம்பில் சேர்ந்துவிடக் கூடிய மருந்து என்பதால் வாரத்தில் ஐந்து நாள், சனி ஞாயிறு வேண்டாம் என்று சொல்வது இங்கே வழக்கம். கல்லல் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சனி ஞாயிறு எல்லா மாத்திரைக்கும் லீவு விட்டுவிட்டார். திங்கள்கிழமை தோறும் ஏன் இவருக்கு மூச்சு வாங்குகிறது என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை. “சனி ஞாயிறு வேண்டாம்னு டாக்டர்தானே சொன்னாரு” என்றார். சொன்னார்தான். எதை என்று அவருக்குத் தனியாகப் பிரித்துச் சொல்லவில்லை.

“நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு இன்னும்?” என்று கேட்பவர்களுக்கு லண்டனில் செய்த ஒரு சின்ன ஆய்வை நான் கதையாகச் சொல்வதுண்டு. இதயத் தசை தளர்ந்து, மருந்தால் முழுக்கத் தேறி, எகோவும் சரியாகிவிட்ட 51 பேர். பாதிப் பேருக்கு மருத்துவர் கண்காணிப்பிலேயே மெல்ல மெல்ல மாத்திரையை நிறுத்தினார்கள். ஆறு மாதத்துக்குள் அவர்களில் 44 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பிவிட்டது. தொடர்ந்து போட்டவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை. நன்றாக இருப்பது மாத்திரையின் வேலை, அது முடிந்துபோன வேலை இல்லை என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியாது.

விடவே கூடாது என்று இவ்வளவு சொல்கிறேன், சில மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டிய நாளும் உண்டு. பேதி, வாந்தி கண்டு உடம்பு வறளும் நாளில் நீர் மாத்திரையும் டாபாகிளிஃப்ளோசினும் வேறு சிலவும் கெடுதல் செய்யலாம். அன்றைக்கு டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட வேண்டும்.

இப்போது படிப்பு விஷயம். சிவகங்கை மாவட்டத்தில் எழுத்தறிவு 2011 கணக்கெடுப்பில் 80 விழுக்காட்டை ஒட்டியிருந்தது. காரைக்குடியோ பல்கலைக்கழகமும், 1953இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிற ஊர். ஆனாலும் பேரேடும் ஐந்தொகையும் எழுதியே காலம் தள்ளிய கணக்குப்பிள்ளை ஒருவர், நாலு வட்டிக் கணக்கை மனதிலேயே போடுவார், தன் மாத்திரைகளைச் சொல்லச் சொன்னால் “வெள்ளை உருண்டை, மஞ்சள் நீட்டம், சின்ன ரோஸ்” என்பார். அட்டையில் இருப்பது ஆங்கிலம், பொடி எழுத்து, வெள்ளித்தாளில் வெளிச்சம் பட்டால் எனக்கே கண் கூசும். பத்து மாத்திரை அட்டையில் நாலு கேட்பார்கள், வெட்டிக் கொடுப்போம். பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிற பக்கம் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும்.

அமெரிக்காவில் கொலராடோ பக்கம் இதை அளந்திருக்கிறார்கள். இதயச் செயலிழப்பு நோயாளிகள் 1,494 பேரிடம் மூன்றே கேள்வி. ஆஸ்பத்திரித் தாள்களைப் படிக்க உங்களுக்கு யாராவது உதவ வேண்டியிருக்கிறதா? அவை புரியாததால் உங்கள் நோயைப் பற்றித் தெரிந்துகொள்வது சிரமமாக இருக்கிறதா? படிவங்களை நீங்களே நிரப்பிவிட முடியுமா? இதில் தடுமாறியவர்களில் ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் 17.6 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள். மற்றவர்களில் 6.3. வயது, வேறு நோய்கள் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் இடைவெளி மறையவில்லை. 2011இல் வந்த ஆய்வு. தாய்மொழியிலேயே சீட்டு வாங்கும் ஊரில் இந்த நிலை என்றால், முழுக்க ஆங்கிலத்தில் டிஸ்சார்ஜ் சம்மரி வாங்கிப் போகும் நம் ஆட்களுக்கு என்ன கணக்கு வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நிறத்தையும் வடிவத்தையும் வைத்து அடையாளம் காண்பவருக்கு கம்பெனி மாறினால் எல்லாம் போச்சு. மாரடைப்புக்குப் பிறகு மாத்திரை போடுகிறவர்களைப் பற்றி 2014இல் அமெரிக்காவில் வந்த இன்னோர் ஆய்வு, மாத்திரையின் நிறம் மாறினால் அதை விட்டுவிடும் வாய்ப்பு 34 விழுக்காடும், வடிவம் மாறினால் 66 விழுக்காடும் கூடுவதாகச் சொன்னது. என் மேசையில் இது தினசரிச் சண்டை. “போன மாசம் நீட்டமா குடுத்தீங்க, இது உருண்டையா இருக்கே, போலியா?” மருந்து அதேதான் என்று நான் விளக்கிச் சொல்லாவிட்டால் அது அலமாரியில் உறங்கும்.

கம்பெனி மாறுவதில் நல்லதும் இருக்கிறது. டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020இலும், சாக்குபிட்ரில் கூட்டு மாத்திரையுடையது 2023இலும், டாபாகிளிஃப்ளோசின் வகையைச் சேர்ந்த எம்பாகிளிஃப்ளோசினுடையது 2025 மார்ச்சிலும் இந்தியாவில் முடிந்தன. மாத்திரை ஒன்று 60 ரூபாய் அளவில் விற்ற எம்பாகிளிஃப்ளோசின் இப்போது 10 ரூபாய்க்கும் கீழே கிடைக்கிறது. ஆகவே “எதை விடலாம்?” என்று கேட்பவருக்கு என் பதில், ஒன்றையும் விடாமல் விலையைக் குறைக்க வழி பார்ப்போம் என்பது. அதே மருந்தில் மலிவான கம்பெனி உண்டா என்று கேளுங்கள். 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ விசாரியுங்கள். அரசு மருத்துவமனையில் பதிந்துகொண்டால் மாத்திரை இலவசம். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்து அனுப்புகிற சரக்கு அது. ஒரு வியாபாரி இப்படிச் சொல்வதா என்று என் முதலாளி கேட்கக்கூடும். மாத்திரை விட்டு மாண்டுபோன வாடிக்கையாளரால் கடைக்கு என்ன லாபம்?

சாப்பாட்டைச் சொல்லாமல் செட்டிநாட்டில் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. உப்புக்கண்டம், கருவாடு, மோர்மிளகாய், வற்றல், அப்பளம், ஊறுகாய். வெயிலில் காய வைத்துப் பத்திரப்படுத்துகிற எதிலும் உப்புதான் காவல். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன், அதாவது ஐந்து கிராம் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் சொல்லும் எல்லை. உப்புக்கண்டம் வறுத்த அன்று அது காலைச் சாப்பாட்டிலேயே தாண்டிவிடும், அன்றைக்கு நீர் மாத்திரை தோற்கும். இந்துப்புக்கு மாறிவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்துப்பிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைந்த உப்பு என்று பாக்கெட்டில் விற்பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். ஸ்பைரனோலாக்டோனும் எனலாப்ரிலும் போடுகிறவருக்கு உடம்பில் பொட்டாசியம் ஏற்கெனவே ஏறும். கூடவே தினமும் இளநீர் வேறு குடித்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். முட்டிவலிக்கு “ஒரு செட்டு குடுங்க” என்று வாங்கும் வலி மாத்திரையும் இவர்களுக்கு எதிரி. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை எல்லாம் உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும். என் கடையில் செட்டு கேட்டால் முதலில் காலைப் பார்ப்பேன், பிறகுதான் கையைப் பார்ப்பேன்.

செய்யக்கூடியது என்ன? நான் செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கறுப்பு மார்க்கரால் அட்டையின் பின்பக்கம் தமிழில் எழுதுகிறேன்: “நீர் இறங்க – காலை”, “இதயச் சுமை குறைய – காலை, இரவு”, “துடிப்பு நிதானப்பட”, “இதயத்துக்கு, சுகருக்கு இல்லை”. வெட்டினாலும் எழுத்து நிற்கும்படி ஒவ்வொரு மாத்திரைக் குழிக்குப் பக்கத்திலும் காலைக்கு ஒரு கா, இரவுக்கு ஒரு இ. பிறகு, புரிந்ததா என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். “வீட்டுக்குப் போனதும் மருமக கேட்டா என்ன சொல்லுவீங்க ஆத்தா, எனக்கு ஒருதரம் சொல்லிக்காட்டுங்க” என்பேன். அவர்கள் சொல்லும்போதுதான் எங்கே கோணியிருக்கிறது என்று தெரியும். மருத்துவப் பாடத்திலும் இந்த முறை இருக்கிறது.

அந்தக் கணக்குப்பிள்ளைக்கு மட்டும் தனி வைத்தியம். காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன், எடை பார்த்து நோட்டில் எழுதச் சொன்னேன். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர், உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். வரவு, செலவு, இருப்பு என்று மூன்று பத்தி கோடு போட்டு எழுதிக்கொண்டு வந்தார். ஒருநாள் “இருப்பு ஏறுதுப்பா” என்று அவரே போன் செய்துவிட்டு டாக்டரிடம் போனார். மாத்திரை அளவை மாற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள், படுக்கையில் சேர வேண்டியிருக்கவில்லை.

எல்லோருக்கும் ஒரு மருந்துக்கடைக்காரன் வாய்க்க மாட்டான். 2020இல் தமிழக அரசு எடுத்த கணக்கெடுப்பில், ரத்த அழுத்தம் இருக்கிறவர்களில் 7.3 விழுக்காட்டினருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பி.பி., சுகர் மாத்திரைகள் பெண் தன்னார்வலர்கள் கையால் வீட்டு வாசலுக்கே வருகின்றன. கல்லல் பக்கம் அப்படிப் போகிற ஒரு பெண், எந்த வீட்டில் யார் மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளிக்கிறார்கள் என்பது வரை அறிந்து வைத்திருக்கிறார். அவர் பையில் ஓர் எடைமானி, கையில் தமிழில் ஒரு பக்கம். எந்த மாத்திரை எதற்கு, எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும் என்று அதில் இருந்தால், மாரடைப்பில் தப்பி வந்து இரண்டு வருடம் கழித்து மூச்சு வாங்கிச் சாகிற எத்தனையோ பேரை நிறுத்தி வைக்கலாம். ஆஸ்பத்திரிகள் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் கத்தைத் தாளில் அந்த ஒரு பக்கத்தைச் சேர்ப்பதற்குப் பெரிய பட்ஜெட் வேண்டியதில்லை.

இன்று காலையும் போன். “அண்ணே, நேத்து ராத்திரி மாத்திரை விட்டுப்போச்சு. இப்ப ரெண்டாச் சேத்துப் போட்டுறவா?” வேண்டாம். அன்றைக்கே சீக்கிரம் ஞாபகம் வந்தால் அப்போதே போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிட்டு, வழக்கமான ஒன்றை மட்டும் போடுங்கள்.